இடப்பக்கம் அரை விரல் தாழ்ந்த கார்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றில் வைத்த கையோடு நான் எழுந்து போனதில் உனக்குக் கோபம் என்று தெரியும். "ஒரு கார் விஷயம் கேட்டா இப்படியா மூஞ்சியத் தூக்கிட்டுப் போவாரு?" என்று நீ அம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தது. கோபமில்லையடா, பயம். நம் சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் கடற்கரை வரைக்கும் தனியாகப் போய்வந்தாய். வந்து உட்கார்ந்து ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "ஏர்றப்ப எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். எறங்கறப்ப கேட்டாத்தான் அதோட கொணம் தெரியும். சரிதானே அப்பா?" யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லல. வர்ற வழியெல்லாம் பக்கத்துல யாரோ உட்கார்ந்து பேசிக்கிட்டே வந்த மாதிரி மனசுல ஓடிச்சு" என்றாய். சிரித்துக்கொண்டு வேறு சொன்னாய். அந்த வார்த்தையை என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன். அவன் என் அண்ணன், உன் பெரியப்பா. இருபத்தைந்து வருஷமாக நான் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்க வழியே இல்லை.

இன்று போகி. நீ பாஸ்போர்ட் வாங்கக் கோலாலம்பூர் போயிருக்கிறாய். வெள்ளிக்கிழமை வருவாய், ஞாயிற்றுக்கிழமை ஜப்பானுக்குப் பறந்துவிடுவாய். அங்கே எஞ்சின் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் பழகப்போகிறவனுக்கு அப்பன் என்ற முறையில் நாலு நல்ல வார்த்தை நேரில் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வராது. அதனால் காலையிலேயே கணக்குப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்துக்கொண்டு, வாசலில் நிற்கும் காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அம்மா படையலுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். சம்பல் வாசனை இங்கே வரைக்கும் அடிக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போகியன்று எனக்குக் குளிர்காய்ச்சல் வரும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே. சின்ன வயதில் நீதான் போர்வை கொண்டுவந்து போடுவாய். ஒரு வருஷம்கூடத் தப்பியதில்லை. இன்றைக்கு இன்னும் வரவில்லை. வருகிறதா என்று பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். ஜப்பான்காரர்கள் எஞ்சினைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். மெர்டேக்கா என்று நமக்குச் சுதந்திரம் வந்த வருஷத்தில் தோட்டத்துத் துரை ஒருவர் தன் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை என் பட்டறையில் விட்டுவிட்டுக் கப்பலேறினாரே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு சீட்டில் மூன்று பேராக நெருக்கிக்கொண்டு பண்டா ஹிலிர் திடலுக்குக் கொண்டாட்டம் பார்க்கப் போனோம். அது நல்ல கார், இல்லையென்று சொல்லமாட்டேன். நீள ஸ்ட்ரோக், காலை வைத்ததும் இழுக்கும். ஆனால் இரண்டு மைல் அழுத்தினால் அதற்கு மூச்சு வாங்கும். நிறுத்தின இடத்தில் எண்ணெய் சொட்டி அடையாளம் வைக்கும். பெரிய எஞ்சின் செய்து பலத்தைக் காட்டுவது ஒரு வித்தையே இல்லை என்பது என் கட்சி. கையில் இருப்பது அறுநூறு சீசிதான் என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து பலத்தைப் பிழிகிறானே, அதுதான் வித்தை. நம் சிவப்பியைப் பார். ஒரு சிலிண்டருக்கு ஒன்று என்று நாலு கார்புரேட்டர், தலைக்குமேல் இரண்டு கேம் ஷாஃப்ட், கிராங்க் முழுக்க உருளை பேரிங். ஒன்பதாயிரம் சுற்று வரைக்கும் அலுக்காமல் போகிறது. அதைக் கேட்டுவிட்டு வேறு காரில் ஏறினால் எருமைமேல் ஏறியது போல இருக்கிறது.

அவர்களுடைய மற்றக் கார்களெல்லாம் புத்தகத்தில் பார்த்ததுதான், இருந்தாலும் எனக்கு அபிப்பிராயம் உண்டு. ஆறு சிலிண்டர் போட்டு நீள மூக்கோடு ஒன்று விட்டிருக்கிறார்களே, அது பணக்கார வீட்டுக் கல்யாணப் பெண் மாதிரி. பார்க்கலாம், பழக முடியாது. சலூன் கார் எஞ்சினையே தூக்கிக் கூரையில்லாத உடம்பில் போட்டிருக்கிறார்களே, அது மாடு மாதிரி உழைக்கும், ஆனால் பாடாது. இரண்டே சிலிண்டரை எதிரெதிரே படுக்கவைத்து, காற்றிலேயே குளிர்கிற குட்டிக் கார் ஒன்று இருக்கிறது பார், எனக்கு அதன்மேல்தான் ஆசை. எடையைக் குறைத்தவன்தான் புத்திசாலி. அப்புறம் அந்தப் பிஸ்டனே இல்லாத எஞ்சின்! ஒரு முக்கோணம் உள்ளே சுற்றுகிறதாமே? எனக்கு நம்பிக்கை வரவில்லை. முனையில் வைத்த சீல் எத்தனை நாள் தாங்கும்? நீ போய்க் கண்ணால் பார்த்துவிட்டு எழுது. புகழ்ந்து எழுதாதே, உள்ளதை எழுது.

இதெல்லாம் என் அபிப்பிராயம் என்று இத்தனை வருஷம் பட்டறையில் உட்கார்ந்து மார்தட்டியிருக்கிறேன். இல்லை, தம்பி. எல்லாம் உன் பெரியப்பா சொன்னது. ஜப்பான்காரன் காலத்தில் நானும் அவனும் இந்த காஜா பெராங்கிலேயே, இதே பட்டறையில் அவர்களுடைய மிலிட்டரி லாரிகளைப் பழுதுபார்த்தோம். ஒரு நாள் ஸ்பானர் எடுத்துத் தர நேரமானதற்கு ஒரு சிப்பாய் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்துவிட்டது. அந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கையிலிருந்த போல்ட்டை வெளிச்சத்தில் காட்டி என்னிடம் சொன்னான்: "அறைஞ்ச கை வேற, இந்த மரைய வெட்டின கை வேறடா. எவ்வளவு சுத்தம் பாரு. ஒரு நாளைக்கு இவனுங்க வெள்ளைக்காரனே வாயப் பொளக்கிற மாதிரி ஒரு எஞ்சின் செய்வானுங்க. நாம ரெண்டு பேரும் இருந்து பார்க்கணும்." கிறுக்கனா இவன் என்று நினைத்தேன். நீ அங்கே போகிறபோது யாராவது இங்கே நடந்ததையெல்லாம் சொல்லி உன் மனதைக் கலைப்பார்கள். நடந்தது நடந்ததுதான், அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் வேலை கற்றுக்கொடுக்கிறவன் முன்னால் நிற்கும்போது அண்ணன் சொன்ன அந்த இரண்டு கையையும் நினைத்துக்கொள்.

இந்தக் கார் நம்மிடம் வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். சீன முதலாளி தவுக்கேயின் மகன் சிங்கப்பூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்தான். எஞ்சின் சூடாகுமுன்னே ஒன்பதாயிரத்துக்கு முறுக்கி ஓட்டி, எண்ணெயும் மாற்றாமல், மூன்றே மாதத்தில் இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டான். பின்னாலேயே அவன் அப்பா வந்தார். அவருடைய தம்பியை ஜப்பான்காரர்கள் கொண்டுபோய்த் திரும்ப அனுப்பவேயில்லை. கிழவர் காரின் பானெட்மேல் காறித் துப்பினார். "நீ எடுத்துக்கோ. இது என் கண்ணுல படக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அந்தக் கம்பெனியின் பேரை நம் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. உன் அம்மாவுக்கு அது 'சி மேரா', சிவப்பி. நான் அந்த எச்சிலைத் துடைத்தேன். துடைக்கும்போது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? அண்ணன் சொன்ன எஞ்சின் வந்துவிட்டது, அவன் இல்லையே என்பதுதான்.

ஆறு மாதம் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன். நாலு கார்புரேட்டரையும் ஒரே அளவில் மூச்சுவிட வைப்பதற்கு ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு வாயாகக் காட்டிக் கேட்க வேண்டும், உனக்குக் காட்டியிருக்கிறேன். முதல் தடவை அப்படிக் கேட்டபோது நாலாவதில் இரண்டு மூச்சு கேட்டது. ஒன்று எஞ்சினுடையது. மற்றது மனுஷன் மூச்சு, பக்கத்தில் குனிந்து நிற்கிறவனுடையது. திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் யாருமில்லை, பட்டப்பகல். குழாயில் ஓட்டை இருக்கும் என்று புதுக் குழாய் போட்டேன். அப்புறம் கேட்கவில்லை. எஞ்சினும் அன்றைக்கே அழகாகச் சீராகி ஓட ஆரம்பித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், கடைசி ஸ்குருவை எவ்வளவு திருப்பினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

நம் காருக்குப் பின்சக்கரங்கள் செயினில் ஓடுகிறவை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிச் செயின், தனிப் பெட்டி, தனி ஸ்பிரிங். அதனால்தான் கிளம்பும்போது வால் மேலே எழும்பும், ஓரத்தில் நிற்கிறவன் பார்த்துச் சிரிப்பான். வந்த முதல் வருஷத்துப் போகியன்று, அம்மா உள்ளே முன்னோருக்கு இலை போட்டுக் கதவைச் சாத்தியதும் நான் இங்கே வந்து உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடவில்லை. கார் இடப்பக்கமாக மெதுவாக இறங்கியது. அந்தப் பக்கத்துச் சீட்டில் ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி இறங்குமோ அப்படி. நான் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இறங்கி அளவுகோல் வைத்துப் பார்த்தேன், வலப்பக்கத்தைவிட அரை விரல் தாழ்வு. மறுநாள் அளந்தால் இரண்டும் சரி! அடுத்த போகிக்கும் அதே அரை விரல். ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். மயிரிழை வித்தியாசமில்லை. இந்த வருஷம் போகி வருவதற்கு முன்னாலேயே, நீ ஜப்பான் போவது முடிவான அன்றிலிருந்தே கார் தாழ்ந்தபடி நிற்கிறது. அதனால்தான் உன்னை ஓட்டவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், நீ கேட்கவில்லை. நான் இதை எழுதும்போதும் தாழ்ந்துதான் இருக்கிறது. பக்கத்துச் சீட்டை நான் பார்க்கவில்லை.

போன வருஷம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்திவிட்டு அம்மா படிக்கட்டில் நின்றாள். நான் நடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். முகம் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தால், அவள் என்னைப் பார்த்துவிட்டுக் காரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். "சியாப்பா டுடோக் சானா?" என்றாள். அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்கிறாள். நான் திரும்பினேன், காரில் யாருமில்லை. "நீங்கதான் உட்கார்ந்திருந்தீங்க. இப்பத்தான் பார்த்தேன். சட்டைகூடப் போடல" என்று அவள் மலாயில் சொன்னாள். அண்ணனும் நானும் ஒரே சாயல். பின்னாலிருந்து பார்த்தால் எங்களைப் பெற்றவளே தடுமாறுவாள். உன் அம்மா அவனைப் பார்த்ததே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் சிங்கப்பூருக்குப் போய் அங்கிருந்து கப்பலேறிவிட்டான் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். அது பொய்.

இனிமேல் எழுதப்போவதுதான் உண்மை. சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம். லாரி மெக்கானிக் ஒருவன் வேண்டும் என்று பட்டியலில் என் பேரை எழுதிவிட்டார்கள். அண்ணன் பேர் இல்லை. காலையில் லாரி வந்து வாசலில் நின்றது. எனக்கு நாலு நாளாக மலேரியா, பாயில் கிடந்தேன். அண்ணன் என் தலையணைக்கு அடியிலிருந்த பதிவுச் சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "நீ படு. மூணு மாசந்தான். உன் பேர்ல நான் போய்ட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே இருக்கோம், எவனுக்குத் தெரியும்?" என்றான். தம்பி, அன்று விடியற்காலையிலேயே என் காய்ச்சல் விட்டுவிட்டது. எழுந்து நிற்க முடியும், நடக்க முடியும். நான் எழவில்லை. பல்லைக் கடகடவென்று அடித்துக்கொண்டு, போர்வைக்குள் உடம்பை உதறி உதறி நடித்தேன். அண்ணன் குனிந்து என் நெற்றியில் கை வைத்தான். நெற்றி சில்லென்று வேர்த்துக் கிடந்தது. கை வைத்தவனுக்குத் தெரியாமலா இருக்கும்? கையை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது அவனுக்கு. அப்புறம் தன் போர்வையையும் எடுத்து என்மேல் போட்டான். வெளியே டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் காலை எடுத்தான். அண்ணன் வாசல்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டான். "ஏர்றப்ப எல்லா எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். எறங்கறப்ப கேளு. இது நல்ல எஞ்சின்டா, திரும்பி வந்துடும்" என்றான். அவன் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

சண்டை முடிந்தது. எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணம் ஆனது. நீ அவள் வயிற்றில் இருந்தாய். ஒரு நாள் நான் பட்டறையில் இருக்கும்போது சயாமிலிருந்து திரும்பிய ஒரு ஆள், எலும்பும் தோலுமாக, இந்தக் கம்போங் செட்டிக்குள் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தான். என் பேரைச் சொல்லி, அந்த ஆள் அங்கே காலராவில் போய்விட்டார், சாகும்போது இந்த விலாசத்தில் சொல்லச் சொன்னார் என்றான். அம்மா சிரித்துவிட்டாள். "அவரு பட்டறையில இருக்காரு, போய்ப் பாருங்க" என்றாளாம். கொடியில் காய்ந்த என் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் அந்த மனுஷன் எழுந்து போய்விட்டான். சாயங்காலம் அவள் சொன்னபோது, அந்தப் பேரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நான் சொன்னேன். அன்றைக்கே அழுதிருக்க வேண்டியவன். அழுதால் ஏன் என்று கேட்பாள். அண்ணன் செத்தான் என்றால் யார் பேரில் செத்தான் என்று சொல்ல வேண்டும், நெற்றியில் கை வைத்ததைச் சொல்ல வேண்டும். அதனால் அவனை உயிரோடு இருப்பதாகவே வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இலை போட மாட்டார்கள் அல்லவா? உன் அம்மாவின் ஆட்கள், மலாய் பேசுகிற இந்தச் செட்டிகள், போகிக்கு முன்னோருக்கு ஆளுக்கு ஒரு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர்கள் வந்து சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளையாகி இத்தனை வருஷத்தில் என் அண்ணனுக்கு ஒரு பிடி சோறு நான் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு எனக்குத் தாங்கவில்லை. நேற்றுக் காலையில் அம்மா வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நெற்றி வேர்த்திருந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. துணியைக் கீழே வைத்தாள், முகம் வெளுத்திருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். அதைத் தமிழில் எழுதுகிறேன்: "அந்த ஆளு வந்துட்டுப் போனதிலேர்ந்து எனக்கு மனசு கேக்கல. யாரு பெத்த புள்ளையோ, உங்க பேரு வச்சிருந்தவரு, யாருமில்லாத காட்டுல செத்திருக்காரு. அவருக்குப் பசிக்குமேன்னு வருஷா வருஷம் ஒரு எலை சேத்துப் போட்டுக்கிட்டு வர்றேன். உங்ககிட்ட சொன்னா வீண் வேலைம்பீங்கன்னு சொல்லல." நான் கேட்டேன், என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாய்? "அவரு பேருதான். உங்க பேரு. நான் வாயால உங்க பேரச் சொல்றதே அந்த எலைகிட்ட மட்டும்தானே."

தம்பி, அவள் புருஷன் பேரை வாயால் சொல்லாத பழைய வழக்கத்துக்காரி. 'அவன் அப்பா' என்றுதான் என்னைக் கூப்பிடுவாள், நீயே கேட்டிருக்கிறாய். வருஷத்தில் ஒரே ஒரு நாள், சாம்பிராணிப் புகைக்கு முன்னால், செத்தவர்களைக் கூப்பிடுகிற இடத்தில், என் பேரைச் சொல்லி வா வந்து சாப்பிடு என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் எனக்குக் குளிர் வந்திருக்கிறது, ஒவ்வொரு வருஷமும். மலேரியா மிச்சம் என்று நான் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். நான் நடித்த அதே நடுக்கம், தம்பி. இந்தத் தடவை உடம்பு அதுவாகவே நடுங்கியது. அவனோ, தன் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடாததால் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றிருக்கிறான். காஜா பெராங்கில் உட்கார இடம் தேடி, தான் சொன்ன எஞ்சின் இருந்த காரில் வந்து உட்கார்ந்துவிட்டான். இதை அவளும் நானும் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டோம் என்று நினைக்கிறேன். அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசல் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்டாள். காரமாகச் சம்பல் வைத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, மேலே இரண்டு பொரித்த நெத்திலி அதிகமாக, சீனி போடாத கோப்பி என்றேன். பஞ்ச காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டே அதைத்தான் சொல்லிச் சொல்லி ஏங்குவான்.

இங்கே எழுதுவதை நிறுத்தியிருந்தேன். இப்போது அம்மா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் நிற்கிறாள். உள்ளே அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ஒவ்வொருவர் பேராகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் அண்ணன் பேரை, நான் சொல்லிக்கொடுத்தபடி, நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை சொன்னாள். நான் இன்னும் ஓட்டுகிறவன் சீட்டில்தான் இருக்கிறேன். பக்கத்துச் சீட்டின் தோல் சூடாக இருக்கிறது, வெயில் அந்தப் பக்கம் இல்லை. கால் இரண்டும் ஓடிவிடு என்கின்றன. ஒரு தடவை படுத்துக்கிடந்து அவனை அனுப்பிவிட்டேன், இந்தத் தடவை எழுந்து ஓடமாட்டேன். திரும்பிப் பார்க்காமல், சத்தமாகவே சொன்னேன்: "அண்ணே, அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் விட்டிருந்துச்சு. ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். உள்ள போய்ச் சாப்பிடு."

பக்கத்து வீட்டுச் சேவல் கத்தியது. பிறகு கார் அசைந்தது. இடப்பக்கம் மெதுவாக, ஸ்பிரிங் முனகிக்கொண்டே மேலே எழும்பியது. என் பேனா தாளில் இழுத்துக்கொண்டு போன கோடு இதோ, மேலே பார். அம்மா படிக்கட்டில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு அவள் கண் காரிலிருந்து வாசல் வரைக்கும் மெதுவாக நகர்ந்தது, நடந்துபோகிற ஒருவரைப் பார்ப்பது போல. "டியா சுடா தூருன்" என்றாள். அவர் இறங்கிவிட்டாராம். நான் அளவுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். வலமும் இடமும் சரியாக இருக்கிறது.

நீ அங்கே போனதும் எனக்காக ஒன்று செய். அவர்கள் ஒரு எஞ்சினை மேசைமேல் பூட்டி முழுச் சுற்றுக்கு ஏற்றிக் காட்டுவார்கள். எல்லாரும் அப்போது கை தட்டுவார்கள். நீ தட்டாதே. அவர்கள் காலை எடுக்கும் வரைக்கும் காத்திரு. அது இறங்கி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கேள். நல்ல எஞ்சினாக இருந்தால் அவன் பேரைச் சத்தமாகச் சொல்லு. வீரையா. பெரியப்பா என்றே சொல்லிச் சொல்லி நாங்கள் உனக்கு அந்தப் பேரைத் தராமல் போய்விட்டோம். ஒரு நாளைக்கு இருந்து பார்க்கணும் என்று ஆசைப்பட்டவன் அவன். என்னைப் பற்றி இதைப் படித்தபிறகு நீ என்ன நினைத்தாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை நீ வரும்போது என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் சொல்லிவிடு, மறைக்காதே. மறைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

அம்மா கதவைத் திறந்துவிட்டாள். வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுபட, கல்யாணமாகி முதல் தடவையாக, சாப்பிட வரச்சொல்லி என்னைக் கூப்பிடுகிறாள். அவன் அப்பா என்று இல்லை. என் பேரைச் சொல்லி. எனக்குக் குளிரவில்லை, தம்பி. சாப்பிடப் போகிறேன்.

அப்பா